வாசகர் கேள்வி–பதில்: எல்லை கடக்கும் வேளாண் ஆய்வுக்கு யார் பணம் தருகிறார்கள்?

மரவள்ளிப் பயிரைத் தாக்கும் மாவுப்பூச்சி பற்றி இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து, பிற நாடுகளோடு சேர்ந்து நடத்தப்படும் வேளாண் ஆய்வுகளுக்கான நிதியைப் பற்றிக் கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஐந்து கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறேன்.

கேள்வி: எங்கள் பகுதி மரவள்ளித் தோட்டங்களில் மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்த ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் குளவிகளைக் கொடுத்தது. அவை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை என்று சொன்னார்கள். அவ்வளவு தொலைவிலிருந்து கொண்டுவந்ததற்கு யார் செலவு செய்தார்கள்? விவசாயிகளிடம் எதுவும் வாங்கவில்லையே?
– மரவள்ளி விவசாயி, ஆத்தூர், சேலம் மாவட்டம்

பதில்: அந்தக் குளவியின் பெயர் அனகைரஸ் லோபெசி. மரவள்ளி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே அழிக்கும் ஒட்டுண்ணி அது. 2020-இல் கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் இந்தப் பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, விரைவிலேயே சேலம், நாமக்கல் பகுதிகளுக்கும் பரவியபோது, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் மையம் பெனின் நாட்டில் இயங்கும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தின் நிலையத்திலிருந்து 2021-இல் இந்தக் குளவியை வரவழைத்தது. தனிமைக் காப்பில் வைத்துச் சோதித்த பிறகு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் 2022 மார்ச்சில் அது வெளியிடப்பட்டது. வரவழைத்தது, சோதித்தது, பெருக்கியது ஆகியவற்றுக்கான செலவை மத்திய, மாநில ஆய்வு நிறுவனங்கள் ஏற்றன. அது பெரிய தொகையே அல்ல.

பெரிய தொகை அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே செலவாகிவிட்டது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தப் பூச்சி 1970-களின் தொடக்கத்தில் மத்திய ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, மரவள்ளியை அன்றாட உணவாகக் கொண்டிருந்த கோடிக்கணக்கான மக்களின் வயிற்றில் அடித்தது. நைஜீரியாவின் இபாதான் நகரில் இருந்த மேற்சொன்ன நிறுவனத்தில் 1979-இல் சேர்ந்த சுவிட்சர்லாந்து அறிவியலாளர் ஹான்ஸ் ஹெரன், பூச்சியின் தாயகத்தில் அதன் இயற்கை எதிரியைத் தேடும் திட்டத்தைத் தொடங்கினார். 1981-இல் பராகுவே நாட்டில் பூச்சி அகப்பட்டது. அதனோடு குளவியும் அகப்பட்டது. அகப்பட்ட குளவியை இங்கிலாந்தில் தனிமைக் காப்பில் வைத்துச் சோதித்து, அதே ஆண்டின் இறுதியில் நைஜீரியாவில் வெளியிட்டார்கள். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியமும் ஐரோப்பிய நாடுகள் சிலவும் உள்ளிட்ட பல கொடையாளர்கள் ஆண்டுக்கணக்கில் அதற்குப் பணம் தந்தனர். ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. ஆப்பிரிக்காவில் பூச்சி அடங்கிய பிறகு அந்தத் திட்டத்தின் வேலை முடிந்துவிட்டது என்றே எந்தக் கொடையாளரும் கணக்குப் போட்டிருக்க முடியும். ஆனால் பூச்சிகளை இனங்காணும் அறிவும், பாதுகாக்கப்பட்ட மாதிரிகளும், குளவியை வளர்க்கத் தெரிந்த ஆட்களும் பெனின் நிலையத்தில் தொடர்ந்து இருந்ததால்தான், 2008-இல் தாய்லாந்துக்கு அதே பூச்சி வந்தபோது மறு ஆண்டே அங்கிருந்து குளவியை அனுப்ப முடிந்தது; பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நமக்கும் அனுப்ப முடிந்தது. செய்தித்தாளில் இடம்பெறாத ஆண்டுகளில் ஒரு நிலையத்தை உயிரோடு வைத்திருக்கத் தரப்படும் பணமே பன்னாட்டு ஆய்வு நிதியில் மிக அரியது, மிகத் தேவையானதும் அதுவே என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் விடைகளில் பலவும் இந்த ஒரு கருத்தையே சுற்றி வருவதை நீங்கள் காணலாம்.

பப்பாளி மாவுப்பூச்சியின் கதையும் இதைப் போன்றதே. 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்ட அந்தப் பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று பரவி, கொங்கு மண்டலத்தின் பட்டுப்புழு வளர்ப்போரை நிலைகுலைய வைத்தது. அமெரிக்க வேளாண் துறை போர்ட்டோ ரிக்கோவில் வளர்த்துவந்த மூன்று வகைக் குளவிகள் 2010-இல் பெங்களூருக்கு வந்தன. அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்ற வகை சில மாதங்களிலேயே பூச்சியை அடக்கிவிட்டது. அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டின் நிதியில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் நடத்திய ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைத் திட்டம் இந்த முயற்சிக்குத் துணை நின்றது. வர்ஜீனியா டெக், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் கூட்டாக எழுதி 2014-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை, ஐந்து ஆண்டுகளில் இந்தியாவுக்குக் கிடைத்த நன்மையை 52 கோடி டாலர் முதல் 134 கோடி டாலர் வரை என்று மதிப்பிட்டது.

விவசாயிகளிடம் ஏன் எதுவும் வாங்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் தோட்டத்தில் விட்ட குளவி அடுத்தவர் தோட்டத்துக்கும் பறந்துபோகும், தானே பெருகும், அடுத்த ஆண்டு யாரும் அதை மீண்டும் வாங்க வேண்டியதில்லை. அதனால்தான் எந்த வணிக நிறுவனமும் இத்தகைய ஆய்வில் முதல் போடாது. பொதுப்பணம் மட்டுமே இதைச் செய்ய முடியும்.

கேள்வி: வெளிநாட்டுப் பணம் வந்தால் வெளிநாட்டார் சொல்வதைத்தானே ஆராய வேண்டியிருக்கும்? ஒத்துழைப்பு என்ற பெயரில் நம் விதைகளும் வெளியே போய்விடுகின்றன என்று சொல்கிறார்களே, அது உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சிராப்பள்ளி

பதில்: உங்கள் ஐயத்துக்கு அடிப்படை இருக்கிறது. முதலில் பணத்தின் போக்கைப் பார்ப்போம். ஃபோர்டு, ராக்கஃபெல்லர் அறக்கட்டளைகள் பிலிப்பைன்ஸ் அரசோடு சேர்ந்து 1960-இல் லாஸ் பானோசில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஆசியாவில் பஞ்சம் வரும் என்ற அச்சமும், அதனால் பொதுவுடைமை பரவும் என்ற அமெரிக்க அரசியல் கணக்கும் அதன் பின்னணியில் இருந்தன. நெல்லுக்கும் கோதுமைக்கும் முதலிடம் கிடைத்தது. நம் மானாவாரி நிலங்களின் சோளமும் கம்பும் துவரையும் நிலக்கடலையும் காத்திருக்க வேண்டியிருந்தது. அவற்றுக்கென ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் இக்ரிசாட் நிறுவனம் 1972-இல்தான் வந்தது. யார் பணம் தருகிறார்களோ அவர்களுடைய கவலையே ஆய்வின் வரிசையைத் தீர்மானிக்கிறது என்பதை மறுக்க முடியாது. நம் அரசுகள் தம் பங்குப் பணத்தைத் தந்து, அந்த வரிசையை முடிவு செய்யும் கூட்டங்களில் உரிமையோடு உட்காருவதைத் தவிர இதற்கு வேறு மாற்று எனக்குத் தெரியவில்லை.

விதைகளைப் பொறுத்தவரை, அவை ஒரு திசையில் மட்டும் பயணம் செய்யவில்லை. 1950-களில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு, கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இண்டிகா, ஜப்பானிகா நெல் வகைகளைக் கலக்கும் திட்டம் ஒன்றை ஆசிய நாடுகளுக்காக நடத்தியது. ஒவ்வொரு நாடும் தன் வகைகளை அனுப்பும். கட்டாக்கில் கலப்புச் செய்து, வழித்தோன்றல் விதைகளைத் திருப்பி அனுப்புவார்கள். ஜப்பானின் நோரின் 10 வகையையும் நம் ஜி.ஈ.பி. 24 வகையையும் கலந்து உருவாகி, 1960-களின் நடுவில் தஞ்சைக் குறுவைக்கு வந்த ஆடுதுறை 27 அந்தத் திட்டத்தின் பிள்ளை. மலாயாவின் மாயாங் எபோஸ் வகையும் தைவானின் தைச்சுங் 65 வகையும் கலந்து மலாயாவுக்குத் திரும்பிய விதைகளிலிருந்து 1965-இல் மசூரி பிறந்தது. அந்த மசூரி தமிழ்நாட்டுக்கு வந்து, அதிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட வெள்ளைப் பொன்னி 1986-இல் வெளியானது. நீங்கள் உண்ணும் பொன்னி அரிசிக்குப் பின்னால் இத்தனை நாடுகளின் நெல்லும், ஒரு பன்னாட்டுத் திட்டத்தின் சிறு தொகையும் இருக்கின்றன.

வெளியே போன விதைக்கும் ஒரு சான்று சொல்கிறேன். ஒடிசா உழவர்கள் வளர்த்துவந்த நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர். 13ஏ என்ற வகை, இரண்டு வாரம் வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைத்துக்கொள்ளும். அதிலிருந்த சப்1 மரபணுவின் இருப்பிடத்தை 1990-களில் கலிபோர்னியாவிலும் லாஸ் பானோசிலும் இருந்தவர்கள் வரையறுத்தார்கள். 2006-இல் மரபணு தனித்துப் பிரித்தறியப்பட்டது. அந்த மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய சுவர்ணா சப்1 நெல் 2009-இல் இந்தியாவில் வெளியானது. பின்னர் காவிரிப் படுகைக்குப் பழகிய சி.ஆர். 1009 வகையிலும் அதே பண்பு சேர்க்கப்பட்டு உழவர்களுக்குக் கிடைத்தது. விதை போனது, பண்பு திரும்பி வந்தது. ஆனால் அந்த நெல்லைத் தலைமுறைகளாகக் காத்த ஒடிசா உழவர் குடும்பங்களுக்குப் பணமாக என்ன திரும்பியது என்று கேட்டால் என்னிடம் நல்ல விடை இல்லை. 2001-இல் ஏற்கப்பட்டு 2004-இல் நடைமுறைக்கு வந்த பயிர் மரபு வளப் பன்னாட்டு உடன்படிக்கை, இத்தகைய நன்மையைப் பகிர்வதற்கென ஒரு நிதியத்தை ஏற்படுத்தியது. விதையைப் பயன்படுத்தி லாபம் பார்ப்போரிடமிருந்து அதற்கு வர வேண்டிய பணம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. நியாயமான சினம் கொள்ள வேண்டிய இடம் இதுவே.

சட்டக் காப்பும் உண்டு. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகச் சட்டப்படி, நம் உயிர் வளங்களை அயல்நாட்டார் ஆய்வுக்குப் பெற வேண்டுமானால் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய உயிரியல் பன்முக ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். மத்திய அரசின் நெறிமுறைகளுக்கு உட்பட்டு ஏற்பளிக்கப்பட்ட கூட்டு ஆய்வுத் திட்டங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த ஏற்பு வழங்கும் கட்டத்திலேயே நிபந்தனைகள் கவனமாக எழுதப்பட வேண்டும்.

கேள்வி: பூச்சியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வெளிநாட்டு ஆய்வகத்தோடு சேர்ந்து பணியாற்ற நிதி பெறும் வழிகள் எவை? விண்ணப்பிக்கும்போது எதில் கவனம் வேண்டும்?
– மாணவி, கோயம்புத்தூர்

பதில்: மாணவ நிலையில் உங்களுக்கு ஏற்றவை ஆய்வுத் திட்ட நிதிகள் அல்ல, பயண, பயிற்சி நல்கைகளே. அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்–நேரு முனைவர் ஆய்வு நல்கை, ஜெர்மனிக்கு அந்நாட்டின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் தரும் நல்கைகள் ஆகியவற்றைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி மையமான ஏசியார், தன் திட்டங்களில் பங்கேற்கும் நாடுகளின் அறிவியலாளர்களுக்கு ஜான் ஆல்ரைட் பெயரில் பட்டப்படிப்பு நல்கை தருகிறது. ஆனால் அதைப் பெற முதலில் அத்தகைய திட்டம் ஒன்றில் நீங்கள் இடம்பெற்றிருக்க வேண்டும். விண்ணப்ப விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பணியில் சேர்ந்த பிறகு திட்ட நிதிக்கு விண்ணப்பிக்கும் நிலை வரும். அப்போது இருவகை ஏற்பாடுகளைச் சந்திப்பீர்கள். ஒன்றில் ஒரே கொடையாளர் இரு பக்கச் செலவையும் ஏற்பார். மற்றொன்றில் ஒரே திட்டத்தை இரு நாட்டு அமைப்புகளும் மதிப்பிட்டு, அந்தந்த நாடு தன் ஆய்வாளருக்கு மட்டும் பணம் தரும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை பிரிட்டனோடு நடத்தியவை பெரும்பாலும் இவ்வகை. இரண்டாவது வகையில் ஒரு நாட்டின் ஒப்புதல் தாமதமானால் மறு நாட்டு ஆய்வாளர் ஆளை நியமித்துவிட்டுக் காத்திருக்க நேரும். பயிர்ப் பருவத்தோடு இணைந்த ஆய்வில் ஆறு மாதத் தாமதம் என்பது ஓர் ஆண்டு இழப்பு. எனவே விதைப்புக் காலத்துக்கு ஓர் ஆண்டு முன்பே பணம் கையில் இருக்கும்படி காலத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

அனுமதிகளுக்கான காலத்தையும் திட்டத்திலேயே சேர்த்து எழுதுங்கள். அரசு வேளாண் நிறுவனங்களில் வெளிநாட்டு நிதியுடன் கூடிய திட்டத்துக்கு மத்திய வேளாண் ஆராய்ச்சி, கல்வித் துறையின் ஒப்புதல் வேண்டும். உயிருள்ள பூச்சியையோ ஒட்டுண்ணியையோ வரவழைக்கப் பயிர்ப் பாதுகாப்பு ஆலோசகரின் இறக்குமதி அனுமதி வேண்டும். தொண்டு நிறுவனம் ஒன்றைக் கூட்டாளியாகச் சேர்க்க எண்ணினால், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தை மறந்துவிடாதீர்கள். அதன்படி ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உழவர்களோடு நேரடியாகப் பழகும் சிறு அமைப்புகள் பெரிய அமைப்பு ஒன்றின் வழியாகப் பணம் பெற்று வேலை செய்துவந்த முறை இதனால் அடைபட்டுவிட்டது. கண்காணிப்புத் தேவைதான் என்றாலும், இந்த விதி களப்பணிக்குச் செய்த தீங்கு பெரிது என்றே கருதுகிறேன்.

இன்னொன்று. பூச்சிகளை இனங்காணும் வகைப்பாட்டுப் பயிற்சியைக் கூட்டாளி ஆய்வகத்திடம் கேட்டுப் பெறுங்கள். கவர்ச்சியான கருவிகளுக்குப் பணம் கிடைக்கும் அளவுக்கு அதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் வந்த பூச்சி எது என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால், மேலே முதல் விடையில் சொன்ன எதுவுமே நடந்திருக்காது.

கேள்வி: அமெரிக்கா 2025-இல் வெளிநாட்டு உதவியை நிறுத்தியதால் வேளாண் ஆய்வு பாதிக்கப்பட்டதா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 2025 ஜனவரி 20 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணையைத் தொடர்ந்து உதவித்தொகைகள் நிறுத்திவைக்கப்பட்டன. ஜூலை 1 முதல் யுஎஸ்எய்ட் தனி நிறுவனமாக இயங்குவதே முடிவுக்கு வந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வளரும் நாடுகளோடு சேர்ந்து ஆய்வு செய்வதற்கு 1975-இல் ஒரு சட்டத்தின் மூலம் வழி திறக்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த கூட்டு ஆய்வகங்களில் பெரும்பாலானவற்றின் நிதி சில வாரங்களில் நின்றுபோனது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க நாடுகளுக்காக இயங்கிய சோயா ஆய்வகம் அவற்றுள் ஒன்று. பப்பாளிக் குளவிக்குத் துணை நின்ற பூச்சி மேலாண்மைத் திட்டமும் இதே ஏற்பாட்டின் கீழ் வளர்ந்ததுதான்.

அமெரிக்காவை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் வெளிநாட்டு உதவிக்கு ஒதுக்கும் பங்கை 2021-இல் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தது. அப்போது நடந்துகொண்டிருந்த கூட்டு ஆய்வுகளின் நிதியும் நடுவழியில் வெட்டப்பட்டது. 2027-க்குள் அந்தப் பங்கு 0.3 சதவீதமாகும் என்று 2025-இல் அறிவித்திருக்கிறது.

ஒரு சாலைப் பணிக்கான பணம் பாதியில் நின்றால், போட்ட பாதிச் சாலை அங்கேயே கிடக்கும். மீண்டும் பணம் வரும்போது தொடரலாம். ஆய்வு அப்படியன்று. எட்டுத் தலைமுறை தேர்ந்தெடுக்க வேண்டிய நெல் வரிசையை ஐந்தாம் தலைமுறையில் விதைக்காமல் விட்டால், முளைப்புத் திறன் குன்றி அதுவரையிலான உழைப்பே போய்விடும். வளர்ப்புக் கூடத்தில் குளவிக்கு இரையாக வைத்திருக்கும் பூச்சிக் கூட்டம் ஒரு வாரக் கவனிப்பின்மையில் அழியும். பயிற்சி பெற்ற இளைஞர் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆகவே தொகை எவ்வளவு என்பதைக் காட்டிலும், அது எத்தனை ஆண்டுக்கு உறுதியாக வரும் என்பதே முக்கியம். சிஜிஐஏஆர் என்று அழைக்கப்படும் பன்னாட்டு வேளாண் ஆய்வு மையங்களின் கூட்டமைப்பு 1971-இல் தொடங்கியபோது, கொடையாளர்கள் பெரும்பாலும் நிபந்தனையின்றி மைய நிதி தந்தார்கள். காலப்போக்கில் தனித்தனித் திட்டங்களுக்கான குறுகிய கால நிதியே மிகுந்துவிட்டது. அந்த மையங்களில் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் சுமார் 10 டாலர் நன்மை கிடைத்துள்ளதாக 2020-இல் வந்த ஒரு பெரும் மதிப்பீடு கூறுகிறது. அந்த நன்மையில் பெரும்பகுதி, பொறுமையாகப் பணம் வந்த காலத்தில் தொடங்கிய பயிர் மேம்பாட்டு வேலைகளின் விளைவு.

கேள்வி: நம் பல்கலைக்கழகங்களிலேயே ஆய்வுக்குப் பணம் போதவில்லை. அப்படியிருக்க, பிற நாடுகளோடு சேர்ந்த ஆய்வுகளுக்கு இந்தியா ஏன் பணம் தர வேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: போதவில்லை என்பது உண்மை. வேளாண் உற்பத்தி மதிப்பில் ஒரு சதவீதமாவது ஆய்வுக்கு ஒதுக்க வேண்டும் என்று பல குழுக்கள் சொல்லிவந்தும், நாம் இன்னும் ஏறக்குறைய அதில் பாதியிலேயே நிற்கிறோம். அதைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் பன்னாட்டு ஆய்வுக்கான நம் பங்கை வெட்டி அதைச் சரிசெய்ய முடியாது. அந்தப் பங்கு அவ்வளவு சிறியது.

இந்தியா தரும் பணத்தில் ஒரு பகுதி இந்தியாவிலேயே செலவாகிறது. கோதுமை, மக்காச்சோள ஆய்வுக்காக மெக்சிகோவில் இயங்கும் பன்னாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து 2011-இல் லூதியானா, ஜபல்பூர், சமஸ்திபூர் ஆகிய இடங்களில் போர்லாக் தெற்காசிய நிறுவனம் தொடங்கப்பட்டது. 2018-இல் வாரணாசியில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தெற்காசிய மையம் திறக்கப்பட்டது. பெரு நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு உருளைக்கிழங்கு மையத்தின் தெற்காசியக் கிளையை ஆக்ராவில் அமைக்க 111.5 கோடி ரூபாய்க்கு 2025 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இவை யாவும் வடக்கிலேயே அமைந்திருப்பது ஒரு குறைதான். மரவள்ளிக்கும் வாழைக்கும் தென்னைக்கும் இத்தகைய மையம் ஒன்றைத் தமிழ்நாடு கேட்டுப் பெற வேண்டும். மாநில அரசு நிலமும் பங்குத் தொகையும் தர முன்வந்தால் கேட்பதற்கு வலு இருக்கும்.

எல்லைக்கு அப்பால் செலவாகும் பணமும் நமக்கானதே. 2016-இல் வங்கதேசத்தில் கோதுமைக் குலைநோய் வெடித்தபோது, அதுவரை தென் அமெரிக்காவில் மட்டும் கண்ட நோய் நம் எல்லையை ஒட்டி வந்து நின்றது. மேற்கு வங்கத்தில் எல்லையோரப் பகுதிகளில் கோதுமை பயிரிடுவதையே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அந்த நோயைப் பற்றி வங்கதேசத்தில் நடந்த ஆய்வுக்குப் பணம் தந்தவர்களுள் ஆஸ்திரேலியாவின் ஏசியாரும் ஒன்று. கடல் கடந்து இருக்கும் அந்நாடு, தன் கோதுமைக்கு நாளை வரக்கூடிய நோயைப் பிறர் மண்ணிலேயே அறிந்துகொள்வது மலிவு என்று கணக்கிட்டது. இங்கே 2018-இல் நம் மக்காச்சோளத்தை அழித்த படைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய அந்தப் புழு 2016-இலேயே மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வந்துவிட்டது. அது நம்மிடம் வந்துசேர இரண்டு ஆண்டுகள் இருந்தன. அந்த இரண்டு ஆண்டுகளில் நைஜீரியாவிலோ கென்யாவிலோ அதன் மீது நடந்த ஆய்வுகளில் நம் பூச்சியியலாளர் பத்துப் பேரை நம் செலவில் அமர்த்தியிருந்தால், பெரம்பலூரிலும் அரியலூரிலும் உழவர்கள் எந்த மருந்தை எப்போது தெளிப்பது என்று தெரியாமல் கடைக்காரர் கொடுத்ததையெல்லாம் தெளித்துக்கொண்டிருக்கும் நிலை பெருமளவு குறைந்திருக்கும்.